தேங்காய்த்திட்டு டு கடலூர்: ரெண்டு மொகத்துவாரம், ஒரே ஏத்தம்

செவ்வாய், துவாதசி

புதுச்சேரிலேருந்து கடலூருக்கு ரோட்ல 22 கிலோமீட்டர், பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல எறங்கிடலாம். கடல்ல பாய் விரிச்சுப் போனா 12 கடல் மைல் வரும், காத்து ஒழுங்கா கெடச்சா மூணு மணி நேரம். தூரம் பெரிய விஷயமே இல்லங்க. விஷயம் ரெண்டு கோடியிலயும் இருக்கு. இந்தப் பக்கம் தேங்காய்த்திட்டுல அரியாங்குப்பம் ஆறு கடல்ல விழற மொகத்துவாரம், அந்தப் பக்கம் கடலூர் ஓ.டி.யில (முதுநகர்ல) கெடிலமும் உப்பனாறும் சேந்து விழற மொகத்துவாரம், ரெண்டுலயும் வாசல்லயே மணல் மேடு. நடுக்கடல்ல படகு கவுந்த கதைய விட மொகத்துவாரத்துல கவுந்த கதைதான் எங்க பக்கம் அதிகம், அதுவும் கரை கண்ணுக்குத் தெரியுது, வீட்டுக்கு வந்துட்டோம்னு நெனைக்கிற எடத்துல.

நாங்க மூணு பேர். நான், என் தம்பி, தம்பியோட ஃப்ரெண்டுக்கு சித்தப்பா முறை ஆகுற ஒருத்தர், வீராம்பட்டினத்துக்காரர். கட்டுமரத்துல தொழில் ஆரம்பிச்சு சுனாமிக்கு அப்பறம் ஃபைபர் படகுக்கு மாறினவர், எங்க எல்லாருக்குமே அவர் சித்தப்பாதான். படகு 18 அடி ஃபைபர், பெரிய பாய் ஒண்ணு, முன்பாய் ஒண்ணு, கடையால்ல (பின்பக்கத்துல) 8 எச்பி அவுட்போர்டு இன்ஜின், நடுவுல அடியில நீட்டிக்கிட்டு நிக்கற, தூக்கி எறக்குற பலகை, அதாவது சென்டர்போர்டு. போர்டை முழுசா தூக்கிட்டா ஒரு அடி தண்ணியில கூட போகும். அப்ப மணல் மேட்டுல தரை தட்டுறதப் பத்தி எதுக்குக் கவலைன்னு கேப்பீங்க. தரை தட்டுறது பிரச்சினையே இல்ல, அந்த மேட்டு மேல அலை ஒடையுதா இல்லையாங்கறதுதான் பிரச்சினை.

இன்னிக்கு மதியம் பன்னெண்டு மணி வெயில்ல போயி தெக்குப் பக்கத்து அலைத்தடுப்பு கல்லு மேல உக்காந்துட்டோம். அந்த நேரம் வேணும்னேதான். துவாதசி அன்னிக்கு ஏத்தம், அதாவது கடல் தண்ணி ஏறுறது, காலைல ஆறரைக்கெல்லாம் முடிஞ்சிருக்கும், பன்னெண்டரைக்கு தண்ணி நல்லா வத்தியிருக்கும், மேடு எங்க இருக்கு வழி எங்க இருக்குன்னு கடலே காட்டிக் கொடுக்கும். ஏத்தத்துல போய்ப் பாத்தா எல்லா எடமும் ஒரே மாதிரி நெளிஞ்சுக்கிட்டு அழகா இருக்கும், ஒண்ணும் புரியாது. இன்னிக்குப் பாத்தப்ப தெக்குக் கல்லோட முனையிலேருந்து நடு வரைக்கும் பழுப்புத் தண்ணி, அதுல ஒவ்வொரு பெரிய அலையும் ஒரே எடத்துல மடிஞ்சு விழுது. வடக்குக் கல்லை ஒட்டி ஒரு இருபது மீட்டர் அகலத்துக்குக் கரும்பச்சைத் தண்ணி, அங்க அலை தூக்குது ஆனா ஒடையல. சித்தப்பா ஒண்ணும் சொல்லல, கைய நீட்டி அந்தப் பச்சைய மட்டும் காட்டினார். ஃபைபர் படகுங்க எல்லாம் அது வழியாதான் வந்துட்டும் போயிட்டும் இருந்துச்சு.

அலை எப்ப ஒடையும்ங்கறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. அலையோட ஒசரம் அந்த எடத்து ஆழத்துல முக்கா பங்கைத் தாண்டிட்டா அதுக்கு மேல அதால நிக்க முடியாது, மடிஞ்சுடும். மேட்டு மேல 2 மீட்டர் தண்ணி இருந்தா ஒன்றரை மீட்டர் அலை வரைக்கும் ஒடையாம உள்ள வந்துடும். அதே மேட்டு மேல 1.3 மீட்டர்தான் இருக்குன்னு வைங்க, 1 மீட்டர் அலையே ஒடஞ்சுடும். நம்ம கரையில ஏத்த வத்தம், அதாவது தண்ணி ஏறி எறங்கற அளவு, ரொம்பக் கம்மி, பௌர்ணமி அமாவாசையில கூட 70, 80 சென்டிமீட்டர்தான். குஜராத்ல பாவ்நகர் பக்கம் 10 மீட்டர் வரைக்கும் ஏறி எறங்குது, அதோட பாத்தா நம்மளுது ஒண்ணுமே இல்ல, அதனாலயே நெறைய பேரு இத கணக்குல எடுக்கறதே இல்ல. ஆனா அந்த 70 சென்டிமீட்டர்தாங்க 2 மீட்டரை 1.3 மீட்டர் ஆக்குது. காலைல உங்கள மெதுவா தூக்கிவிட்டுப் போற அதே அலை மதியம் உங்க தலை மேல விழும்.

இந்த மணலைப் பத்தியும் சொல்லணும். நம்ம கரையில மணல் வருஷத்துல பெரும்பாலும் தெக்கேருந்து வடக்க நகருது, வடகிழக்குப் பருவம் நடக்கிற சில மாசம் மட்டும் திரும்பி வருது. 1980கள் கடைசில இங்க துறைமுகத்துக்குக் கல்லு கொட்டினப்பறம் அந்த மணல் தெக்குப் பக்கம் தேங்கிப் போச்சு, வடக்க டவுன்ல கடற்கரைச் சாலை பக்கம் இருந்த பீச் காணாமப் போச்சு. தெக்க சேர்ற மணலை பம்ப் பண்ணி வடக்க கொண்டு போய் விடணும்னு அந்தத் திட்டத்துலயே இருந்துது, அது ஒழுங்கா தொடர்ந்து நடந்திருந்தா இந்த ஊரோட கதையே வேற. தேங்குன மணல் கல்லோட முனையச் சுத்தி மொகத்துவாரத்துக்குள்ளயும் வந்து விழுது. தூர் வாருவாங்க, திரும்ப வந்து அடையும். அதனால போன மாசம் பாத்த வழிய நம்பி இந்த மாசம் போகக்கூடாது.

புதன், திரயோதசி

இன்னிக்கு முழுக்க வீட்ல உக்காந்து கணக்கு.

அமாவாசை, பௌர்ணமி அன்னிக்கு நம்ம கரையில ஏத்தம் உச்சிக்கு வர்றது காலைல எட்டரை, ராத்திரி எட்டரை சுமாருக்கு. அதுலேருந்து ஒரு திதிக்கு ரெண்டு நாழிகை, அதாவது 48 நிமிஷம், தள்ளிக்கிட்டே போகும்னு வெச்சுக்கலாம். அஷ்டமிக்கு வர்றப்ப ரெண்டரை மூணு மணி ஆயிடும். இது சராசரிதான், பௌர்ணமியை ஒட்டின நாள்ல தள்ளறது அதவிடக் கம்மி, அரை மணி முக்கா மணிக்குள்ள இருக்கும், அஷ்டமி பக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலயும் போகும். துல்லியமா வேணும்னா டைட் டேபிள் (ஏத்த வத்த நேரம் போட்ட அட்டவணை) பாத்துக்கணும், ஆனா காலண்டர்ல திதியப் பாத்தாலே எந்த வாரம் கெளம்பலாம் எந்த வாரம் கூடாதுன்னு தெரிஞ்சுடும். சித்தப்பா டேபிள் பாத்து நான் பாத்ததே இல்ல, "நாளைக்கு ஏத்தம் எட்டுக்குள்ள முடிஞ்சுடும்மா"ன்னு சொல்லுவார், டேபிள்ல 7:50ன்னு போட்டிருக்கும்.

அஷ்டமி வாரத்துல ஏன் போகக்கூடாதுன்னா, அப்ப ஏத்தம் மத்தியானம் ரெண்டரைக்கு வருது. இந்த மாசி மாசத்துல பதினொண்ணு பன்னெண்டு மணிக்கெல்லாம் கடல் காத்து ஏறிடும், அது கெளப்புற சின்ன அலை, பெரிய அலை மேல ஏறிக்கிட்டு மொகத்துவாரத்தையே கொழப்பிடும். ஏத்தம் காலைலயே, காத்து ஏறுறதுக்கு முன்னாடியே முடியணும். அந்த மாதிரி நாளு பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டித்தான் கெடைக்கும். அதுல ஒரு சங்கடமும் இருக்கு, அந்த நாள்லதான் ஏத்த வத்தம் பெருசு, வத்தும்போது ஆத்துத் தண்ணி வெளிய ஓடுற வேகமும் அதிகம்.

அந்த வெளிய ஓடுற தண்ணிதான் நெஜமான ஆபத்து. உள்ள வர்ற அலைக்கு எதிர்ல ஆறு தள்ளுனா அலை நெருங்கி, நீளம் கொறஞ்சு, செங்குத்தா நிக்கும். கடல்ல படுத்துக்கிட்டு வந்த அலை அங்க எழுந்து நிக்கும். தண்ணி உள்ள ஓடும்போது இதுக்கு நேர் எதிரா நடக்கும், அலை நீண்டு மழுங்கிடும். அதனால மொகத்துவாரத்துல போகவோ வரவோ நல்ல நேரம்னா ஏத்தத்தோட கடைசி ரெண்டு மணி நேரம், அவ்ளோதான்.

இங்கதான் இந்தப் பயணத்தோட முடிச்சு. ரெண்டு மொகத்துவாரத்துக்கும் ஏத்தம் கிட்டத்தட்ட ஒரே நேரம், 12 மைல்ல பெரிய வித்தியாசம் வராது. நாளைக்கு ஏழரைக்கு இங்க சுகமா வெளிய போனா கடலூர் போய்ச் சேர்றது பத்தரை, அப்ப அங்க வத்தம் நடு வேகத்துல ஓடிட்டிருக்கும், அதோட கடல் காத்தும் ஆரம்பிக்கப் போற நேரம். ரெண்டுலயும் நல்ல நேரம் கெடைக்காது, ஒண்ண விட்டுக் குடுக்கணும். எத விட்டுக் குடுக்கறது? நானும் தம்பியும் ரொம்ப நேரம் பேசினோம், சித்தப்பா வந்து ஒரே வரியில முடிச்சார். "வெளிய போறப்ப அலைய மூஞ்சிக்கு நேரா பாத்துட்டுப் போவ, புடிக்கலன்னா திரும்பிக்கலாம். உள்ள வர்றப்ப அது முதுகுக்குப் பின்னாடி வருது, திரும்ப முடியாது. நல்ல தண்ணிய உள்ள வர்றதுக்கு வெச்சுக்கம்மா."

அதனால இங்க அதிகாலை நாலே முக்காலுக்கு, ஏத்தம் பாதி ஏறும்போதே வெளிய போறது. ஆழம் கொஞ்சம் கம்மியா இருக்கும், ஆனா தண்ணி உள்ள ஓடிட்டிருக்கும், கடல் தூங்கிட்டிருக்கும், கரைக்காத்து மேக்கேருந்து அடிக்கும், தெக்கால போற படகுக்கு அது பக்கவாட்டுக் காத்து, பாய்க்கு அதவிட என்ன வேணும். எட்டு மணிக்குள்ள கடலூர் வாசல்ல நிக்கலாம்.

ஹைதராபாத்ல இருக்கற கடல் தகவல் மையம் இன்காய்ஸ் போடுற அலை முன்னறிவிப்பப் பாத்தோம். நாளைக்கு அலை 0.7 மீட்டர், 7 செகண்ட். எல்லாரும் ஒசரத்த மட்டும் பாத்துட்டு மூடிடுவாங்க, செகண்டையும் பாக்கணும், ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல இருக்கற நேரம் அது, அதப் பத்தி சனிக்கிழமை எழுதறேன். துறைமுகத்துலயும் கடலோர போலீஸ்லயும் எத்தன பேரு, எந்தப் படகு, எப்ப சேருவோம்னு சொல்லிட்டு வந்தாச்சு. கடலோரக் காவல்படையோட அவசர நம்பர் 1554, அத ஃபோன்ல மட்டும் வெக்காம படகு உள்பக்கம் மார்க்கர்ல எழுதி வெச்சிருக்கோம்.

வியாழன், சதுர்த்தசி

மூணே முக்காலுக்கு ஜெட்டில ஒரே சத்தம். ஐஸ் பொட்டி எறக்கறவங்க, டீசல் கேன் தூக்கறவங்க, எங்க படகுல பாய்மரத்தப் பாத்துட்டு ரெண்டு பேரு "இத வெச்சுக்கிட்டா கடலூரா"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. ஒரு அக்கா பிளாஸ்க்லேருந்து டீ ஊத்திக் குடுத்தாங்க, காசு வாங்கல.

மொகத்துவாரத்துக்குப் போனப்ப நிலா மேக்க எறங்கிட்டிருந்துச்சு, எங்க முதுகுக்குப் பின்னாடி. இது எவ்ளோ பெரிய உபகாரம்னு அங்க போனப்பறம்தான் தெரிஞ்சுது, எதிர்ல வர்ற ஒவ்வொரு அலையோட மொகத்துலயும் வெளிச்சம் நேரா விழுது, ஒடையப் போற அலையோட உச்சில மெல்லிசா ஒரு வெள்ளக் கோடு முன்னாடியே தெரியுது. தெக்குப் பக்கம் அந்தக் கோடு தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, வடக்க இல்ல. இன்ஜினை மெதுவா ஓட விட்டு உள்பக்கமே நின்னு பாத்தோம். ஒரு ஃபைபர் படகு எங்களத் தாண்டிப் போச்சு, அது எங்க அணியத்த (முன்பக்கத்த) தூக்குது எங்க தட்டுதுன்னு பாத்தோம், அதே தடத்துல கெளம்பினோம். சென்டர்போர்டு பாதி தூக்கி, லைஃப் ஜாக்கெட் இறுக்கி, முன்னாடி அடைப்பு மூடி. மொத அலை அணியத்தத் தூக்குச்சு, நல்லா தூக்குச்சு, எறங்கறப்ப ஒரு அறை, தண்ணி தெறிச்சு மொகமெல்லாம் உப்பு. ரெண்டாவது அதவிட சின்னது. அலை மேல ஏறும்போது இன்ஜின் குடுத்து உச்சிக்கு வர்றப்ப கொறைக்கணும், கொறைக்கலன்னா படகு பறந்து போயி அந்தப் பக்கம் விழும். அப்பறம் ஒண்ணும் இல்ல, ஆழம், அமைதி, இன்ஜினை நிறுத்திட்டுப் பாய் ஏத்தினோம்.

அப்பறம் வந்த ரெண்டு மணி நேரத்துக்காகத்தான் இவ்ளோ பாடும். கரைக்காத்துல மண் வாசனையும் பொகை வாசனையும் சேந்து வருது, படகு ஒரு பக்கம் லேசா சாஞ்சு சத்தமே இல்லாம போகுது. சுண்ணாம்பாறு கடல்ல விழற எடம், அப்பறம் நல்லவாடு, நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம்னு வரிசையா குப்பத்து வெளக்குங்க. தென்பெண்ணை மொகத்துவாரத்த தாண்டறப்ப நல்லா விடிஞ்சுடுச்சு, கரையிலேருந்து ரொம்ப தூரத்துக்கு வெள்ளையா ஒடைஞ்சுட்டிருந்துச்சு, சித்தப்பா இன்னும் வெளிய தள்ளிப் போகச் சொன்னார். 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழைக்கு சாத்தனூர் அணையத் திறந்து விட்டப்ப இந்த ஆத்துல வந்த வெள்ளம் கடலூரையே முழுக வெச்சுது. அந்த மாதிரி வெள்ளம் வந்தா ஆத்து வாய்ல இருக்கிற மணலை மொத்தமா வாரிக் கடலுக்குள்ள தள்ளிடும், அப்பறம் மாசக்கணக்கா அலை அத கொஞ்சங் கொஞ்சமா திரும்பக் கொண்டாந்து மேடு போடும். அது எங்க போடும்னு முன்கூட்டியே யாராலயும் சொல்ல முடியாது.

கடலூர் வாசலுக்கு 7:40க்கு வந்தோம். ரெண்டு பக்கமும் கல்லு, நடுவுல தண்ணி சாந்தமா உள்ள போயிட்டிருக்கு, முன்பாய மட்டும் வெச்சுக்கிட்டு இன்ஜின் துணையோட உள்ள போனோம். எழுதறதுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி அவ்ளோ சுலபமா இருந்துச்சு. கணக்கு சரியா இருந்தா இப்படித்தான் இருக்கும். முதுநகர்ல இட்லியும் மத்தி கொழம்பும் சாப்ட்டுட்டு மத்தியானம் வரைக்கும் தூக்கம்.

வெள்ளி, பௌர்ணமி

மாசி மகம். தேவனாம்பட்டினத்துக்குப் போகாம இருக்க முடியுமா. சுத்து வட்டாரத்து சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிக்குது, மேளம் ஒரு பக்கம், தர்ப்பணம் குடுக்கறவங்க ஒரு பக்கம், பஞ்சு மிட்டாய், பலூன், சில்வர் பீச் முழுக்கத் தலையாத்தான் தெரியுது. மகத்துக்குக் கடல்ல முழுகுறவங்க யாரும் டைட் டேபிள் பாக்கறதில்ல, ஆனா மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வர்றதால காலைல எட்டரை மணிக்கு ஏத்தம் உச்சில, ஜனமும் உச்சில. தண்ணி மணல் சரிவு வரைக்கும் ஏறி வந்து பாட்டிங்களோட முழங்கால தொட்டுட்டுத் திரும்புது.

ஒரு பத்து மணிக்கு மேல சித்தப்பா கூட்டத்தப் பாக்கறத விட்டுட்டுக் கடலையே பாத்துட்டிருந்தார். நானும் பாத்தேன். அலை பெருசா இல்ல, ஆனா ரெண்டு அலைக்கு நடுவுல இடைவெளி ஜாஸ்தியாயிட்டே வருது. ஒண்ணு வந்து அடங்கி, மேல வரைக்கும் ஏறி, திரும்பி, எல்லாம் முடிஞ்சு, இன்னும் அடுத்தது வரல. அப்பறம் வர்றது வழக்கத்தவிட நாலடி அதிகமா ஏறி சாமி வெச்ச பந்தல் கால் வரைக்கும் வந்துடுது. வாட்ச்ல எண்ணினேன், 17 செகண்ட். நேத்து கடல்ல 7.

"வெளிநாட்டு அலைம்மா"ன்னார் சித்தப்பா.

சனி, பிரதமை

போகல. இன்னிக்கு திரும்பறதாதான் இருந்துச்சு, காலைல எழுந்து அறிவிப்பப் பாத்தா ஒசரம் 0.9 மீட்டர்தான், ஆனா செகண்ட் 16. அந்த 0.9ஐ மட்டும் பாக்கறவன் கெளம்பிடுவான்.

அந்த செகண்டுல என்ன இருக்குன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன், இந்தக் கட்டுரையில நீங்க ஞாபகம் வெச்சுக்க வேண்டியது இருந்தா அது இதுதான். 7 செகண்ட் அலைன்னா ஆழக் கடல்ல ஒரு உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் நடுவுல 75 மீட்டர் சுமார் இருக்கும். 16 செகண்ட்னா 400 மீட்டர். அவ்ளோ நீளமான அலைய கடல்ல படகுல இருந்துக்கிட்டுப் பாத்தா தெரியவே தெரியாது, மெதுவா ஏத்தி மெதுவா எறக்கும். ஆனா அது ஆழம் கொறையற எடத்துக்கு வந்ததும் வேகம் போயிடுது, கொண்டாந்த சக்தி எங்கயும் போக எடமில்லாம ஒசரமா எழும்புது. 2 மீட்டர் தண்ணிக்கு வர்றப்ப 7 செகண்ட் அலை கொஞ்சந்தான் ஏறும், 16 செகண்ட் அலை ஒன்றரை மடங்குக்கு மேல ஏறும். 0.9 மீட்டர் அங்க ஒன்றரை மீட்டர் ஆகுது, அதாவது ஒடையற ஒசரம், அதுவும் நல்ல ஏத்தத்துலயே.

இந்த அலை பொறந்த எடம் இந்தியப் பெருங்கடலோட தெக்குக் கோடி. அங்க எங்கயோ ஒரு பெரிய புயல் அடிச்சு ஓஞ்சே போயிருக்கும், அதுலேருந்து கெளம்புன நீள அலை ஒரு நாளுக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்துல வந்து அஞ்சாறு நாள் கழிச்சு நம்ம கரைக்கு வருது, இங்க வானம் சுத்தமா, காத்தே இல்லாம இருக்கறப்ப. கேரளாவுல இத கள்ளக்கடல்ங்கறாங்க, அங்கதான் பலமா அடிக்கும். நமக்கு இலங்கை கொஞ்சம் மறைக்குது, ஆனாலும் சுத்தி வளைச்சு வந்துடுது.

ஒம்பதரை மணிக்குத் துறைமுக மொகத்துவாரத்துக்குப் போய் உக்காந்தோம். இன்னிக்கு ஏத்தம் 9:10க்கு. கரையில ஏத்தம் முடிஞ்சதும் ஆறு உடனே திரும்பிடும்னு நெனச்சுடக்கூடாது. நாங்க வந்து பாத்தப்பவே ஒரு தென்னமட்டை மெதுவா உள்ளதான் போயிட்டிருந்துச்சு, பத்து மணி வாக்குல அது நின்னு அப்படியே சுத்துச்சு, அப்பறம்தான் வெளிய நகர ஆரம்பிச்சுது. அதே மாதிரி வத்தம் முடிஞ்சப்பறமும் ஆறு கொஞ்ச நேரம் வெளிய கக்கிட்டுத்தான் இருக்கும். டேபிள்ல போட்டிருக்கற நேரத்த நம்பி சரியா வத்தம் முடிஞ்சு பத்து நிமிஷத்துல உள்ள வரலாம்னு நெனைக்கறவங்களுக்கு இது சொல்றேன், டேபிளையும் பாருங்க, மொகத்துவாரத்துல எது மிதக்குதோ அதையும் பாருங்க.

பன்னெண்டுக்கு மேல வத்தம் நல்லா இழுக்க ஆரம்பிச்சுது. அப்ப அந்த நீள அலை வந்து ஆத்துத் தண்ணிய மோதுறதப் பாத்தேன். கல்லுக்கு வெளிய நூறு மீட்டர்ல ஒரு மேடு மாதிரி எழும்புது, எழும்பி அங்கேயே கொஞ்சம் தயங்கி நிக்குது, முன்பக்கம் சொவரு மாதிரி நேராவுது, உச்சிலேருந்து தூசி மாதிரி தண்ணி பறக்குது, அப்பறம் மொத்தமும் ஒரே சமயத்துல விழுது. உக்காந்திருந்த கல்லு அதிருது. அப்பறம் நாலஞ்சு நிமிஷம் ஒண்ணுமே இல்ல, குளம் மாதிரி. அந்த அமைதியப் பாத்து ஏமாந்து உள்ள வர்றவங்கதான் மாட்டிக்கறாங்க. வெளிய ஒரு ஃபைபர் படகு வந்து நின்னுச்சு, நாலு பேரு இருந்தாங்க, அரை மணி நேரத்துக்கு மேல அப்படியே மிதந்துட்டிருந்தாங்க. மீன் அழுகுற வெயில்ல, வெல எறங்கற நேரத்துல, அரை மணி நேரம் சும்மா நிக்கறதுக்கு எவ்ளோ தைரியம் வேணும். ஒரு கூட்டம் அலை போய் முடிஞ்சதும் கடைசி அலையோட முதுகுலயே ஒட்டிக்கிட்டு முழு வேகத்துல உள்ள வந்துட்டாங்க. எங்க பக்கத்துல வலை பின்னிட்டிருந்த ஒருத்தர் தலையக்கூட நிமித்தல.

சாயங்காலம் செயின்ட் டேவிட் கோட்டை மிச்சத்தப் போய்ப் பாத்தோம். 1690ல இங்கிலீஷ்காரன் மராத்தியர்கிட்ட வாங்கினது, அப்பறம் பிரெஞ்சுக்காரனும் இவனும் மாத்தி மாத்தி அடிச்சுக்கிட்டாங்க, 1783 ஜூன் 20ல கூட இந்தக் கடலூர் கடல்ல பெரிய கப்பற்படைச் சண்டை. அவ்ளோ பெரிய கப்பல் வெச்சிருந்தவன் எவனும் இந்த மேட்டைத் தாண்டி உள்ள வரல, வெளியவே நங்கூரம் போட்டுட்டு சரக்கையும் ஆளையும் நம்ம ஆளுங்களோட மசூலா படகுலதான் ஏத்தி எறக்கினான். ஆணி அடிக்காம பலகையக் கயித்தால தெச்ச படகு, அலை அடிச்சா ஒடையாம வளைஞ்சு குடுக்கும். அலை எண்ணி ஓட்டின அந்த ஓடக்காரங்க பேரு ஒண்ணு கூட எந்தக் கல்லுலயும் இல்லங்கறது எனக்கு வருத்தமாத்தான் இருக்கு.

ஞாயிறு, துவிதியை

அலை எறங்குது. 0.7 மீட்டர், 13 செகண்ட். நீளமான அலை முதல்ல வரும், போகப் போக செகண்ட் கொறையும், அதுதான் இந்த மாதிரி அலை ஓயறதுக்கு அடையாளம். ஏத்தம் 9:50க்கு. காலைல ஆறேகாலுக்கு கடலூர்லேருந்து வெளிய வந்தோம், வெளிய வந்தது சாதாரணமாத்தான் இருந்துச்சு. கரைக்காத்து எட்டு மணியோட செத்துப் போச்சு, கொஞ்ச தூரம் இன்ஜின், அப்பறம் தென்கிழக்கேருந்து லேசா ஒரு காத்து பின்னாடி வந்து தள்ளுச்சு, 9:30க்கு தேங்காய்த்திட்டு வாசலுக்கு வெளிய.

சித்தப்பா கரையிலேருந்து நானூறு மீட்டர் தள்ளியே நிறுத்தச் சொல்லிட்டார். கடல் பக்கத்துலேருந்து பாத்தா ஒடையற அலையோட முதுகுதான் தெரியும், வெள்ளையே தெரியாது, எல்லாம் சாந்தமா இருக்கற மாதிரி ஏமாத்தும். அதனால எண்ணினோம். எங்கள தூக்கிட்டுப் போற ஒவ்வொரு அலையையும் தம்பி சத்தமா எண்ணினான். பெருசு ஆறு, அப்பறம் அமைதி, நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. திரும்பப் பெருசு அஞ்சு. அமைதி. திரும்பப் பெருசு ஏழு. மேட்டோட அகலம் எம்பது மீட்டர் இருக்கும், எங்க படகு இன்ஜின்ல செகண்டுக்கு ரெண்டரை மீட்டர், தண்ணி உள்ள இழுக்கறதையும் சேத்தா அரை நிமிஷத்துல தாண்டிடலாம். அலையோட போட்டி போட முடியாது, 2 மீட்டர் ஆழத்துல அது மணிக்கு 16 கிலோமீட்டர்ல போகுது, நம்ம 9. அப்ப அந்த அமைதிக்குள்ள போறது ஒண்ணுதான் வழி.

பெரிய பாய எறக்கிக் கட்டினோம், முன்பாய் மட்டும். சென்டர்போர்டு முக்காவாசி மேல, முழுசா கீழ இருந்தா பக்கவாட்டுல அலை தள்றப்ப அது தடுக்கிப் படகையே பெரட்டிடும். கடையால்லேருந்து தடிமனான பழைய கயிறு ஒண்ண வளையமா பின்னாடி தண்ணியில விட்டார் சித்தப்பா, அது இழுத்துப் புடிச்சுக்கிட்டு படகோட பின்பக்கம் ஒதுங்காம பாத்துக்கும். சுக்கான் என் கையில.

அடுத்த கூட்டம் வந்துச்சு. ஒண்ணு, ரெண்டு, தம்பி எண்றான். அஞ்சாவது போனதும் எனக்குக் கை பரபரங்குது. "இரும்மா." ஆறாவது போச்சு. "இரு." ஏழு வரல, சின்னது ஒண்ணு வந்துச்சு. "வுடு!"

வடக்குக் கல்லு முனைய வலப்பக்கம் வெச்சுக்கிட்டு நேரா. தண்ணி பழுப்பாவுது, கீழ மணல் சுழல்றது தெரியுது. பாதியில வந்தப்ப பின்பக்கம் தூக்க ஆரம்பிச்சுது, அமைதிக்குள்ளயும் ஒண்ணு ரெண்டு வரத்தான் செய்யும். படகு அணியத்தால குனியுது, வேகம் புடிக்குது, சுக்கான் ஒரு நொடி லேசாயிடுச்சு, கையில புடியே இல்லாத மாதிரி. அந்த நொடியிலதான் படகு குறுக்க திரும்பும், திரும்பினா அடுத்த அலை பக்கவாட்டுல. "பின்னாடி பாக்காத, கல்லப் பாரு, கல்லப் பாரு"ன்னு சித்தப்பா கத்தறார். கயிறு விறைச்சுக்கிட்டு இழுத்துச்சு, கடையால் நேராச்சு, சுக்கான்ல திரும்ப கனம் வந்துச்சு, அலை எங்க அடியில போயிடுச்சு, ஒடையல. மேட்டு மேல தண்ணி இருந்துச்சு, அதுதான் காரணம், மூணு மணி நேரம் முன்ன இதே அலை ஒடஞ்சிருக்கும்.

உள்ள வந்தப்பறம் அரியாங்குப்பம் ஆத்துல கொஞ்சம் மேல போயி கட்டினோம். இதே ஆத்தங்கரையிலதான் அரிக்கமேடு, 1945ல தொல்லியல் ஆய்வாளர் வீலர் தோண்டினப்ப ரோமானிய மது ஜாடியெல்லாம் வந்துது, அந்தக் காலத்து ஓடமும் ஏத்தம் பாத்துத்தான் உள்ள வந்திருக்கும்.

சாப்பாடு முடிச்சுட்டுத் தம்பி உக்காந்து ஆழத்தக் குறிச்சு வெச்சான். உள்ள வந்த கையோட, பத்து மணிக்கு, ஆத்துப் பக்கத்துலேருந்து போயி ஈயக்குண்டு கட்டின கயித்தால அளந்தது: வடக்குக் கல்லை ஒட்டின வழியில 1.9 மீட்டர், நடுவுல 1.4, தெக்குப் பக்கம் போகவே இல்ல. இது ஏத்தத்தோட உச்சில அளந்தது, வத்தத்துல இதுலேருந்து 70 சென்டிமீட்டர் கழிச்சுக்கோங்க. அடுத்து தெக்கத்திக் காத்து ஒரு வாரம் சேந்தாப்புல அடிச்சா இந்த நம்பர் செல்லாது. இந்தப் பக்கம் சின்னப் படகு எடுத்துட்டுப் போறவங்க யாரா இருந்தாலும் அளந்து கீழ எழுதிப் போடுங்க, தேதி, நேரம், திதியோட.